சிவப்புச் சீட்டுக் கட்டிய சம்மதம்

வேல்ராஜுக்கு நல்ல காது வாய்த்திருந்தது. வந்த வினையெல்லாம் அதனால்தான்.

ஒரகடத்தில் கார்க் கதவுகளுக்குக் கீல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஆறு வருஷமாக அவனுக்கு ஒரே வேலை, கீல்களின் சத்தத்தைக் கேட்பது. ஒரு கீலை எடுத்துக் காதோரம் வைத்துத் திறந்து மூடுவான். முனகினால் சிவப்புச் சீட்டு. முனகாவிட்டால் பச்சைச் சீட்டு. சிவப்புச் சீட்டுக் கட்டிய கீல் கம்பிவலைக் கூண்டுக்குள் போய் விழும். கூண்டுக்குப் பூட்டு உண்டு. சாவி தரக்கட்டுப்பாட்டு மேலாளர் தணிகாசலத்தின் இடுப்பில் தொங்கும். அந்த ஆறு வருஷத்தில் முனகிய கீல் ஒன்றைக்கூட வேல்ராஜ் பச்சை என்று விட்டதில்லை. இதை அவன் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் யாராவது கேட்பார்களா என்று காத்திருப்பான்.

அவன் மனைவி இசக்கிசெல்விக்கும் அங்கேதான் வேலை, ஏழாம் நம்பர் பிரஸ்ஸில். தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து அச்சு இறங்கி அடிக்கும். அடித்ததும் எடுக்க வேண்டும். கை குறுக்கே இருந்தால் பிரஸ்ஸை அந்தரத்திலேயே நிறுத்துவதற்கு முன்பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒன்று உண்டு. அந்த ஒளித்திரைக்குச் சித்திரை மாதத்திலிருந்து கண் தெரியவில்லை. புதிய ஒளித்திரை வந்துவிட்டது. ஸ்டோரில் அட்டைப் பெட்டிக்குள், பிரிக்காமல், பத்திரமாக இருந்தது. அதை மாட்ட நாலு மணி நேரம் பிரஸ்ஸை நிறுத்த வேண்டும். நாலு மணி நேரம் பிரஸ்ஸை நிறுத்தக் கடல் கடந்த தலைமையகம் சம்மதிக்க வேண்டும். தலைமையகத்தின் சம்மதம் வியாழக்கிழமை பிற்பகல் வீடியோ கான்பரன்ஸில் மட்டுமே கிடைக்கும். மின்னஞ்சலில் கேட்கலாமே என்றால், எழுத்தில் மனிதமுகம் இல்லை என்பது கம்பெனியின் கொள்கை.

அதுவரைக்கும் தகட்டைத் தள்ள இசக்கிசெல்விக்கு ஒரு மரக்குச்சி கொடுத்திருந்தார்கள்.

இது 2012ஆம் வருஷம். கரண்ட் வருவதும் போவதும் யாருக்கும் கட்டுப்படாத காலம். ஒரு வியாழக்கிழமை, தலைமையகத்து அதிகாரி ஹோல்ம் திரையில் பேசிக்கொண்டிருந்தபோது குரல் விட்டுவிட்டு வந்தது. ஆலைத் தலைவர் ஸ்ரீதர் வெளியே வந்து, தணிகாசலத்திடம் போகிறபோக்கில், "இன்னைக்கு வாய்ஸ் ரொம்ப பிரேக் ஆச்சு" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சேரப்பணஞ்சேரியில் பிறந்து, இருபத்திரண்டு வருஷமாக உடைந்ததையும் வளைந்ததையும் மட்டுமே பார்த்து வந்த மனிதர் தணிகாசலம். உடைந்தது என்று ஒன்று காதில் விழுந்துவிட்டால் அதற்கு ஒரு படிவம் போடாமல் அவருக்குச் சோறு இறங்காது.

மறுநாள் தரக்கட்டுப்பாட்டுக்காரர்களை எல்லாம் கூட்டி நிற்கவைத்துப் பேசினார்.

"கீலும் இங்கேர்ந்து அங்க போவுது, பேச்சும் இங்கேர்ந்து அங்க போவுது. இன்னாப்பா வித்தியாசம்? கீலை மட்டும் சோதிச்சு அனுப்பறோம். பேச்சை அப்டியே சும்மா அனுப்பிகினு கீறோம். யார்னா ஒருத்தருக்கு இது தோணுச்சா? எனக்கே நேத்துதான் தோணுச்சு."

யாருக்கும் தோன்றியிருக்கவில்லை என்பதில் அவருக்கு மனத்துக்குள் ஒரு குளிர்ச்சி.

"வேல்ராஜு, உனுக்குத்தான் காது கீது. வர்ற வியாழக்கிழமைலேர்ந்து நீ கான்பரன்ஸ் ரூம்ல குந்திக்கோ."

இப்படித்தான் வேல்ராஜ் இணைப்புத் தர ஆய்வாளன் ஆனான். குளிர்சாதன அறை, சுழல் நாற்காலி, முப்பத்தெட்டுக் கட்டங்கள் கொண்ட படிவம். குரல் தெளிவு, குரல் கரகரப்பு, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போன்ற குரல், படம் கட்டம் கட்டமாகச் சிதறுதல், உதடு முன்னே போய்ச் சொல் பின்னே வருதல் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட வேண்டும். ஐந்துக்கு நாலு வந்தால் கூட்டம் தேறியது. குறைந்தால் ரிஜெக்ட்.

கீலுக்கு ஒரு மாதிரிக் கீல் வைத்து ஒப்பிடுவது போலக் கூட்டத்துக்கும் மாதிரி வாக்கியம் ஒன்று தணிகாசலம் எழுதிக் கொடுத்திருந்தார். கூட்டம் தொடங்கும் முன் வேல்ராஜ் அதை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்ல வேண்டும். மறுமுனையில் ஹோல்ம் அதைப் பிழையில்லாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். "எங்கள் வானம் தெளிவாக உள்ளது. எங்கள் கீல்கள் சத்தமின்றித் திறக்கின்றன." முதல் வாரம் ஹோல்ம் திருப்பிச் சொல்லிவிட்டு, உங்கள் ஊர் வானம் பற்றிக் கேட்க மகிழ்ச்சி என்றார். மாதிரி வாக்கியத்தில் அது இல்லாததால் அரை மதிப்பெண் போயிற்று.

அன்றைக்கு ஏழாம் பிரஸ் விஷயம் நாலாவது பொருள். ஸ்ரீதர் கேட்டார். ஹோல்ம் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "கண்டிப்பாக நிறுத்துங்கள், மாட்டுங்கள்" என்றார். வேல்ராஜ் அதை இரண்டு காதாலும் கேட்டான். அவனுக்கு எழுந்து ஓடி விஷயத்தைச் செல்வியிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. அப்போது மின்சாரம் போய் ஜெனரேட்டர் வந்தது. இடையில் ஹோல்மின் முகம் சீட்டுக்கட்டு போலச் சிதறி மறுபடி சேர்ந்தது.

படிவத்தைக் கூட்டிச் சராசரி பார்த்தான். மூன்று புள்ளி ஒன்று.

தணிகாசலம் கூட்டக் குறிப்பை வாங்கி, மூலையில் துளை போட்டு, சிவப்புச் சீட்டைக் கம்பியால் கட்டி, கூண்டைத் திறந்து, முனகும் கீல்களுக்கு நடுவே வைத்துப் பூட்டினார். கூண்டின் வலை வழியாகப் பார்த்தால் எழுத்து தெரிந்தது. நாலாவது பொருள்: சம்மதம்.

"சார், அவரு சரின்னு சொன்னத நான் தெளிவா கேட்டேன் சார்."

"கேக்கலன்னு யார்ப்பா சொன்னா? முனவுற கீல் கூடத்தான் கதவைத் தொறக்கும். வண்டில போட்டு அனுப்பிடுவியா?"

ஆறு வருஷமாக இதே நியாயத்தை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன் வேல்ராஜ்.

சாயங்காலம் வடக்குப்பட்டில் வாடகை அறைக்கு வந்ததும் இசக்கிசெல்வி கேட்டாள்.

"என்னங்க, வெள்ளக்காரரு என்ன சொன்னாவ?"

"சரின்னுட்டாரு."

"அப்ப நாளைக்கு மாட்டிருவாவளா?"

"இல்ல. சரின்னு சொன்னது சரியில்லன்னு கூண்டுல வச்சிட்டாவ."

அவள் அவனையே பார்த்தாள். நாங்குநேரிப் பக்கத்தில் புத்தி பேதலித்தவர்களைப் பார்க்கிற பார்வை அது. அவளுக்கும் அந்த ஊர்தான், அவனுக்கும் அந்த ஊர்தான் என்பதால் அவனுக்குப் புரிந்தது.

ரிஜெக்ட் ஆன பொருளுக்குக் காரணம் கண்டுபிடிக்காமல் அடுத்த பொருளைத் தொடக்கூடாது. ஐந்து முறை ஏன் என்று கேட்டுக் காரணம் காண்பது அந்த ஆலையின் வழக்கம். தணிகாசலம் வெள்ளைப் பலகையில் எழுதினார். குரல் ஏன் உடைந்தது? லைனில் நெரிசல். ஏன் நெரிசல்? ஒரே நேரத்தில் நிறையப் போயிற்று. ஏன் நிறையப் போயிற்று? படமும் போயிற்று, பேச்சும் போயிற்று. ஏன் போயிற்று? கூட்டம் நடந்தது. ஏன் கூட்டம் நடந்தது?

ஐந்தாவது ஏனுக்கு அறையில் யாரிடமும் பதில் இல்லை. 'ஆய்வில் உள்ளது' என்று எழுதி அடிக்கோடிட்டார்கள்.

மூன்றாவது ஏனுக்கு மட்டும் பரிகாரம் கிடைத்தது. அசைந்தால் படம் சிதறுகிறது. ஆகவே யாரும் அசையக்கூடாது. தலையாட்டுவது, கையை வீசுவது, மூக்கைச் சொறிவது எல்லாம் இரு பக்கமும் தடை செய்யப்பட்டன. நீளமாகப் பேசினால் குரல் உடைகிறது. ஆகவே அவசியம் இல்லாமல் பேசக்கூடாது. அடுத்த வியாழக்கிழமை ஸ்ரீதர் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தவர் போல உட்கார்ந்திருந்தார். அங்கே ஹோல்மும் அப்படியே. இரண்டு போட்டோக்கள் ஒன்றையொன்று ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டன. அதற்கும் மூன்று புள்ளி நாலுதான் வந்தது. நாலாவது பொருளுக்கு ஹோல்ம் இரண்டாம் முறையும் சம்மதித்தார். அந்தச் சம்மதமும் கூண்டுக்குப் போயிற்று.

அதன்பிறகு ஒவ்வொரு துறையும் விழித்துக்கொண்டது. இணைப்பின் தரத்தைத் தரக்கட்டுப்பாடு பார்க்கிறது என்றால், தரக்கட்டுப்பாடு சரியாகப் பார்க்கிறதா என்று உள்தணிக்கை பார்க்க வேண்டாமா? உள்தணிக்கை பார்ப்பதைத் தலைமையகத் தணிக்கை பார்க்க வேண்டாமா? கம்ப்யூட்டர் பிரிவு தனியாக ஒரு திரை திறந்து, இரு பக்கமும் மேஜைமேல் மதிப்பெண் எண்ணும் பெட்டி ஒன்றை வைத்தது. கீல் வாங்கும் வாடிக்கையாளர் தன் சார்பில் ஓர் ஆளைச் சேர்த்தார். ஆடி பிறப்பதற்குள் வியாழக்கிழமைக் கூட்டத்தை மொத்தம் பதினாலு பேர் பதினாலு இடங்களிலிருந்து கவனித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் பேசுபவர்கள் இரண்டு பேர். மதிப்பெண் இரண்டு புள்ளி ஆறுக்கு இறங்கியது. கூண்டில் சம்மதங்கள் ஐந்து ஆயின.

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து பைக்கில் வந்து ஒயரெல்லாம் பார்த்துக்கொடுக்கும் ஒப்பந்தக்காரன் மாரி, ஒருநாள் மேஜைக்கு அடியில் படுத்தபடியே வேல்ராஜைக் கூப்பிட்டான்.

"அண்ணாத்த, இங்க வா. லைன்ல ஒரு மண்ணும் இல்ல. லைன் சூப்பரா கீது."

"அப்ப ஏன் ஒடையுது?"

"ரெண்டு பேர் போற சந்துல பதினாலு பேர் நின்னு, சந்துல கூட்டமா கீதான்னு எட்டிப் பாத்துகினு கீறானுங்க. அவனுங்களை நவுரச் சொல்லு. பாலு மாதிரி ஓடும்."

வேல்ராஜ் அன்றிரவே ஒரு பக்கத்துக்கு எழுதி, காலையில் ஸ்ரீதரிடம் கொண்டுபோனான். அவர் முழுவதும் படித்தார். நல்ல மனிதர், யார் எதைக் கொடுத்தாலும் முழுவதும் படிப்பார்.

"குட் பாயிண்ட் வேல்ராஜ். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். கனெக்ஷன் நல்லா இருக்கா இல்லையாங்கறது செகண்டரி. நல்லா இருக்கா இல்லையான்னு நமக்குத் தெரியுதா, அதுதான் மேனேஜ்மெண்ட். போன வருஷம் நமக்குத் தெரியாமலே கனெக்ஷன் நல்லா இருந்தது. இப்ப மோசமா இருக்கு, ஆனா எவ்வளவு மோசம்னு டெசிமல்ல சொல்ல முடியுது. இது எவ்வளவு பெரிய முன்னேற்றம்."

"சார், ஏழாம் பிரஸ்ல ஒளித்திரை வேல செய்யல சார். ஸ்டோர்ல பெட்டி இருக்கு. நாலு மணி நேரம்தான் சார்."

"எனக்கும் அதே கவலைதான்ப்பா. ராத்திரி தூக்கம் வரல. அதனாலதான் அதை ஒவ்வொரு வாரமும் அஜெண்டாவுல வெக்கறேன். உன் பரிந்துரையையும் வெச்சுடலாம். அடுத்த வீடியோ கான்பரன்ஸ்ல டிஸ்கஸ் பண்ணுவோம்."

மேற்பார்வையாளர்களைக் குறைக்கலாமா என்ற விவாதம் நடந்த கூட்டம் இரண்டு புள்ளி இரண்டு வாங்கிக் கூண்டுக்குப் போயிற்று.

ஆவணி பிறந்த வாரம். அன்றைக்குப் புதன்கிழமை. வேல்ராஜ் அறைக்கு வந்தபோது இசக்கிசெல்வி விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். எதிரே சோற்றுத் தட்டு. தட்டில் சோறு இல்லை. அவள் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் கையுறை இருந்தது. நடுவிரலின் நுனி, நகம் வரும் இடத்தில், கத்தரிக்கோலால் நறுக்கியது போல இல்லை.

அவன் அவள் கையைத்தான் முதலில் பிடித்துப் பார்த்தான். ஐந்தும் இருந்தன. மறுபடி எண்ணினான்.

"கையொற பெருசு. நுனி காலியா இருந்துச்சு," என்றாள். "குச்சி முறிஞ்சு போச்சுன்னு கைய வச்சேன்."

"சூப்பர்வைசர்ட்ட சொன்னியா?"

"சொன்னேன். கையொறைய முறையா போடலன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டாவ. புதுசு ஒண்ணு கொடுத்தாவ. அது எனக்குச் சரியான அளவு."

வேல்ராஜ் பழைய கையுறையை எடுத்து, நுனியில்லாத விரலுக்குள் தன் விரலை விட்டுப் பார்த்தான்.

"நீங்க அங்க உக்காந்து என்னத்தத்தான் கேக்கிய? வாராவாரம் மார்க்குப் போடுதிய. ஒரு வாரமாவது பாஸ் போட்டா என்ன, ஒங்க காது அறுந்தா போயிரும்?"

"இல்லாத மார்க்க எப்படிச் செல்வி போடுறது?"

"அப்ப இருக்க வெரலு எப்பப் போவும்னு பாத்துக்கிட்டு இருங்க."

அவள் எழுந்து கையுறையைக் குப்பையில் போடாமல் துவைக்கிற துணியோடு போட்டாள். மறுநாள் வியாழக்கிழமை.

பிற்பகல் ஒன்றரைக்கு எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஸ்ரீதர் போட்டோ ஆனார். தணிகாசலம் பக்கத்தில் இன்னொரு போட்டோ. திரையில் ஹோல்ம் கண்களைப் பாதி மூடிய நிலையில் அசையாமல் இருந்தார். வேல்ராஜ் வானம் தெளிவாக உள்ளதையும் கீல்கள் சத்தமின்றித் திறப்பதையும் அறிவித்தான். அந்த நிமிஷம் மின்சாரம் போய் ஜெனரேட்டர் முழங்கி எழுந்தது. திரை அணையவில்லை. ஹோல்ம் சிதறவும் இல்லை. கண்ணைப் பாதி மூடியபடியே இருந்தார். மாதிரி வாக்கியத்தை அவர் திருப்பிச் சொல்லவில்லை. ஆகவே அதில் பிழையும் இல்லை.

மதிப்பெண் எண்ணும் பெட்டி மேஜைமேல் ஒளிர்ந்தது. உடைந்த சொற்கள் பூஜ்யம். கரகரப்பு பூஜ்யம். சிதறிய கட்டங்கள் பூஜ்யம். உதட்டுக்கும் சொல்லுக்கும் இடைவெளி பூஜ்யம். கீழே பச்சை நிறத்தில் ஐந்து புள்ளி பூஜ்யம்.

தணிகாசலத்தின் கண்ணில் நீர் கட்டியது. அசையக்கூடாது என்பதால் துடைத்துக்கொள்ளவில்லை.

வேல்ராஜின் காதுக்கு மட்டும் என்னவோ போல் இருந்தது. உயிருள்ள லைனில், யாரும் பேசாவிட்டாலும் ஒரு மூச்சு இருக்கும். அந்தப் பக்கத்து ஏசி, யாரோ நாற்காலியில் புரள்வது, தூரத்தில் ஒரு கதவு. எண்ணெய் போட்ட கீலிலும் ஒரு மெல்லிய சத்தம் உண்டு. இதில் எதுவுமே இல்லை. ஒயர் பார்க்க மேஜைக்கு அடியில் படுத்திருந்த மாரி அவன் கால்சட்டையை இழுத்தான்.

"அண்ணாத்த, லைன் பூட்ச்சி. அஞ்சு நிமிசமாச்சு. படம் அப்டியே ஒட்டிக்கினு கீது. சொல்லிடட்டா?"

வேல்ராஜ் கீழே பார்த்தான். மேலே பார்த்தான். ஸ்ரீதர் திரையைப் பணிவோடு பார்த்துக்கொண்டிருந்தார். அசையாத மனிதரும் அசையாத படமும் எப்படி வேறுபடும் என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. ஆனால் வேல்ராஜுக்குத் தெரியும். ஆறு வருஷத்தில் முனகிய கீல் ஒன்றைக்கூட விடாதவன் அவன். இது முனகக்கூட முடியாத கீல், செத்த கீல். கையில் சிவப்புப் பேனா இருந்தது.

"செத்த நேரம் பேசாம இரு மாரி," என்றான் வாய்க்குள்.

பிறகு எழுந்து நின்றான். தேறும் நிலையில் உள்ள கூட்டத்தில், மூன்று முறை கேட்டும் எதிர்ப்பு வராத பொருள் ஏற்கப்பட்டதாகும் என்பது தணிகாசலமே எழுதிய பத்தொன்பதாம் விதி.

"சார், நேரம் ஆவுது. பொருள்களைப் படிக்கட்டுமா?"

ஸ்ரீதர் உதடு மட்டும் அசையச் சரி என்றார்.

"நாலாவது பொருள். ஏழாம் நம்பர் பிரஸ்ஸை இன்று இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை நிறுத்தி ஒளித்திரை மாட்டுதல். மறுப்பு உண்டா?"

ஹோல்ம் பாதிக் கண்ணோடு பார்த்தார்.

"மறுப்பு உண்டா?"

ஜெனரேட்டர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

மூன்றாம் முறை கேட்டபோது வேல்ராஜின் குரல்தான் கொஞ்சம் உடைந்தது. நல்லவேளை, அது பெட்டியில் பதிவாகவில்லை. அவன் உட்கார்ந்து முப்பத்தெட்டுக் கட்டங்களிலும் ஐந்து போட்டான். கையெழுத்துப் போடும்போது பேனா ஒருமுறை நின்றது. அப்புறம் ஓடிவிட்டது.

பச்சைச் சீட்டு விழுந்த முதல் கூட்டம். பச்சைச் சீட்டு இருந்தால் இந்த ஆலையில் மலையே நகரும். இரண்டு மணிக்கு ஏழாம் பிரஸ் நின்றது. அட்டைப் பெட்டி பிரிந்தது. மூன்று நாற்பதுக்கே வேலை முடிந்தது. மீதி நேரம் விதிப்படி எல்லாரும் பிரஸ்ஸைச் சுற்றி நின்றார்கள். ஆறு மணிக்கு இசக்கிசெல்வி புதிய குச்சி ஒன்றை ஒளித்திரைக்குக் குறுக்கே நீட்டினாள். இறங்கிய அச்சு பாதியில் நின்றது. குச்சியை எடுத்தாள். மறுபடி நீட்டினாள். மறுபடி நின்றது. சூப்பர்வைசர் "போதும்மா, புரொடக்ஷன் போவுது" என்கிற வரைக்கும் நீட்டிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வாரம் தலைமையகத்திலிருந்து பாராட்டு வந்தது. அசையாதே என்ற விதி அங்கேயும் இருந்ததால், அவர்கள் பக்கம் உறைந்து நின்ற ஸ்ரீதரையும் யாரும் சந்தேகிக்கவில்லை. அவர்கள் பெட்டியும் ஐந்து காட்டியிருந்தது. அவர்கள் வாசித்த பொருள்களுக்கு இந்தியா மறுப்பே சொல்லவில்லை என்று ஹோல்ம் நெகிழ்ந்து எழுதியிருந்தார். பதினைந்தாவது மேற்பார்வையாளரை நியமிப்பதும் அவற்றில் ஒன்று. உலகம் முழுக்க உள்ள கிளைகளுக்கு அந்தக் கூட்டம் மாதிரிக் கூட்டமாக அறிவிக்கப்பட்டது.

தணிகாசலம் எல்லாரையும் நிற்கவைத்துப் பேசினார். "பேசினா ஒடையும். அசைஞ்சா செதறும். ஒண்ணுமே பண்லன்னா தரம் தானா வருது. இத்த கண்டுபுடிக்க எனக்கு இருபத்திரெண்டு வருஷம் ஆச்சுப்பா."

வேல்ராஜுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். சிறந்த செவி. அதைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு அறைக்கு வந்தான். இசக்கிசெல்வி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தான். இந்த ஒரு வாரமாக அவனுக்கு அது ஒரு வேலை.

"அதென்ன தாளு?"

"காதுக்குக் குடுத்தாவ."

"நல்லதுதான்." அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "கேக்கணும்னே இருந்தேன். அன்னைக்கு அந்த வெள்ளக்காரரு என்னதான் சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

இசக்கிசெல்வி வெங்காயக் கண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"நல்ல மனுசரு," என்றாள்.